நியூ கேப்ரிகாவில் நம்மை எந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள்?

கேள்வி: "பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். மூன்றாவது சீசனில் ஐந்து எபிசோடுகள் முடித்துவிட்டேன். அதில் முதல் இரண்டு எபிசோடுகளைப் பார்த்தபோது வேறு ஏதோ ஒரு தொடருக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இது ஒளிபரப்பான காலத்தில் ரசிகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? கொண்டாடினார்களா, கோபப்பட்டார்களா?"

கொண்டாட்டமும் இருந்தது, கோபமும் இருந்தது. பல பேரிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. "இந்தத் தொடர் இதைவிட நன்றாக எப்போதும் வந்ததில்லை" என்று சொன்னவரே அடுத்த வரியில் "எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்றும் சொன்னார். அந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் என்று நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: மனிதர்கள் படைத்த சைலான் இயந்திரங்கள் மனித உலகங்களை அழித்துவிட, மிஞ்சியவர்கள் கலாக்டிகா என்ற போர்க்கப்பலின் காவலில் விண்வெளியில் ஓடுகிறார்கள்; சைலான்களில் சிலர் மனித உருவிலேயே இருப்பார்கள், செத்தாலும் புது உடம்பில் திரும்பி வருவார்கள்.

முதலில் அந்தக் காத்திருப்பைச் சொல்லவேண்டும். நீங்கள் இரண்டாம் சீசனை முடித்த கையோடு மூன்றாவதைப் போட்டிருப்பீர்கள். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு அமெரிக்காவில் சை-ஃபை சேனலில் 2006 மார்ச் 10 அன்று வந்தது. மூன்றாம் சீசன் தொடங்கியது அக்டோபர் 6. நடுவே ஏறத்தாழ ஏழு மாதம். அந்தக் கடைசி எபிசோடு எப்படி முடிந்தது என்று நினைவிருக்கும்: விஞ்ஞானி பால்டார் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்து மேசைமேல் தலையைச் சாய்க்கிறான், கேமரா அவன் தலைமுடிக்குள் போகிறது, வெளியே வரும்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. அப்புறம் சைலான்கள் வந்து இறங்குகிறார்கள், மனிதர்கள் குடியேறியிருந்த நியூ கேப்ரிகா கிரகம் பிடிபடுகிறது. கப்பல், விமானி, விரட்டல், தப்பித்தல் என்று இரண்டு வருடம் பழகியிருந்த கதையை ஒரே தாவலில் தூக்கிப் போட்டுவிட்டு, ஏழு மாதம் பேச்சில்லை. தொடரின் கதை இதோடு முடிந்தது என்று பயந்தவர்கள் நிறைய. இனிமேல்தான் ஆரம்பம் என்று துள்ளியவர்களும் இருந்தார்கள். அக்டோபர் 6 இரவு டிவி முன்னால் உட்கார்ந்த ஒவ்வொருவரும் தங்களுக்குள் ஒரு மூன்றாம் சீசனை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள்.

எந்தத் தொடருக்கும் சீசன் தொடக்க எபிசோடின் பிரச்சினை இதுதான். அந்தரத்தில் விட்ட முடிவை ரசிகர்கள் மாதக்கணக்கில் மென்றுகொண்டிருப்பார்கள். வருகிற விடை அதோடு போட்டி போட வேண்டியிருக்கும். இதற்கு முன்னோடி 1990. 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூன்றாம் சீசன் ஜூனில் முடிந்தபோது, கேப்டன் பிக்கார்டை போர்க் என்ற எதிரி இனம் தங்களில் ஒருவராக மாற்றியிருந்தது, அவர் இருக்கிற கப்பலைச் சுடச்சொல்லி அவருடைய துணை அதிகாரி ரைக்கர் உத்தரவு கொடுத்தார், திரை இருண்டது. பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரைவிட்டுப் போகிறாரா என்று கோடை முழுவதும் பேச்சு. செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகம் மோசமில்லை. ஆனாலும் முதல் பாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ரசிகர்கள், இரண்டாம் பாகத்தை ஒரு படி கீழேதான் இன்றுவரை வைக்கிறார்கள். அந்த இரண்டாம் பாகத்தை அடுத்து, சிதைந்துபோன பிக்கார்ட் சொந்த ஊருக்குப் போய் அண்ணன் முன்னால் உடைந்து அழுகிற எபிசோடு வந்தது. அதை எழுதியவர் ரொனால்ட் டி. மூர். பதினாறு வருடம் கழித்து நியூ கேப்ரிகாவைக் கட்டியவரும் இவர்தான். அடிபட்டவன் அடுத்த வாரமே சிரித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிடக்கூடாது என்ற பிடிவாதம் இவரிடம் அப்போதே இருந்திருக்கிறது.

சரி, அக்டோபர் 6. இரண்டு எபிசோடுகளையும் சேர்த்து ஒரே இரவில் இரண்டு மணி நேரமாகப் போட்டார்கள். ரசிகர்கள் எதிர்பார்த்தது கலாக்டிகாவின் தளபதி ஆடமா எப்படிப் படையோடு திரும்பி வருவார் என்பதை. கிடைத்தது சேறு, கூடாரம், ஊரடங்கு, நள்ளிரவுக் கைது. சிறையிலிருந்து வெளியே வரும், ஆடமாவின் துணைத் தளபதியாக இருந்த கர்னல் டைக்கு ஒரு கண் இல்லை. பிடுங்கிய கண்ணைத் தன்னிடமே காட்டினார்கள், அவித்த முட்டை மாதிரி இருந்தது என்று அவர் கலாக்டிகாவின் தலைமை மெக்கானிக்காக இருந்த டிரோலிடம் சொல்கிறார். மைக்கேல் ஹோகன் அந்த வசனத்தைச் சொல்கிற விதத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். குரலில் நடுக்கமோ அழுகையோ கிடையாது. அந்த மனிதர் இனி எதற்கும் துணிவார் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்தத் துணிச்சல்தான் முதல் எபிசோடின் முடிவில் வெடிக்கிறது. சைலான்கள் மனிதர்களை வைத்தே ஒரு போலீஸ் படை அமைக்கிறார்கள். அதன் பயிற்சி நிறைவு விழாவில், முன்னாள் விமானி டக் சீருடையில் வந்து தன்னையே வெடிக்கவைத்துக்கொள்கிறான். அனுப்பியது நம் ஆட்கள். இரண்டு சீசன்களாக நாம் யாருக்காகப் பதறினோமோ அவர்கள்.

இதை 2006 அக்டோபரின் அமெரிக்காவில் வைத்துப் பாருங்கள். இராக்கில் அமெரிக்கப் படை மூன்றரை வருடமாக உட்கார்ந்திருந்தது. இராக்கியப் போலீசில் சேர வரிசையில் நின்றவர்கள்மீது தற்கொலைத் தாக்குதல் என்பது மாலைச் செய்தியில் அடிக்கடி வருகிற விஷயம். அடுத்த மாதமே அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல். பிரச்சாரத்தில் பெரிதாகப் பேசப்பட்டதும் அந்தப் போர்தான். இந்த நேரத்தில் ஒரு விண்வெளித் தொடர், செய்தியில் "எதிரி" என்று பார்த்த ஆளின் இடத்தில் தன் நாயகர்களைக் கொண்டுபோய் வைத்தது. ஆக்கிரமிக்கிறவர்கள் "உங்கள் நன்மைக்காகத்தான் வந்திருக்கிறோம்" என்று நம்பிப் பேசுகிறார்கள். முகமூடி போட்டு இரவில் வீடு புகுந்து ஆளைத் தூக்குவது உள்ளூர்க்காரர்களே.

இங்கேதான் ரசிகர்கள் பிளந்தார்கள். முதல் இரண்டு சீசன்களில் கதையின் அரசியலைப் பலபேர் வேறு மாதிரி படித்திருந்தார்கள். திடீர்த் தாக்குதலில் நாகரிகமே அழிகிறது, எதிரி மதவெறியோடு நமக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான், இரக்கம் காட்டினால் சாவோம் என்பது 2001 செப்டம்பருக்குப் பிந்தைய அமெரிக்காவின் கதையாகவே தெரிந்தது. அந்தக் காரணத்துக்காகவே தொடரை நேசித்த வலதுசாரி எழுத்தாளர்கள் இருந்தார்கள். மூன்றாம் சீசன் தொடங்கியதும் அவர்களில் சிலர் வெளிப்படையாகவே முறைத்துக்கொண்டார்கள்: நம் படை வீரர்களை சைலான்களோடு ஒப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள், இராக் போரைப் பற்றி அமெரிக்க டிவியில் இவ்வளவு நேர்மையாக யாரும் பேசவில்லை என்று எழுதினார்கள். மூர் தன் பேட்டிகளில், இராக் ஒன்றை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை, நாஜிகளின் கீழ் இருந்த பிரான்ஸ், வியட்நாம், மேற்குக்கரை எல்லாமே அதில் உண்டு என்று சொல்லிவந்தார். நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். பால்டாரின் அரசு இராக்கைவிட நாஜிகளோடு ஒத்துழைத்த 1940களின் விஷி பிரான்சுக்குத்தான் நெருக்கம்.

ஆனால் இரண்டு கட்சியுமே ஒன்றைத் தவறவிட்டதாக எனக்குத் தோன்றும். இந்த எபிசோடுகள் எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்கவில்லை. இரண்டாவது எபிசோடில் பால்டார் கைதியாக இருக்கும் முன்னாள் ஜனாதிபதி ரோஸ்லினைப் பார்க்க வருகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விரக்தியில் இருப்பவர்கள் விரக்தியான காரியம்தான் செய்வார்கள் என்று ரோஸ்லின் சொல்கிறார். பால்டார் விடவில்லை. இளைஞர்கள் உடம்பில் வெடிகுண்டைக் கட்டி ஜனக்கூட்டத்துக்குள் அனுப்புவதை நீங்கள் ஆதரிக்கிறீர்களா, என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறான். ரோஸ்லினிடம் பதில் இல்லை. கவனியுங்கள், அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதைக் கேட்பவன் தொடரிலேயே பெரிய கோழை. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள மனித இனத்தையே விற்றவன். பதில் இல்லாமல் நிற்பவர் நாம் மிகவும் மதிக்கிற பெண். நியாயமான வார்த்தையை அவன் வாயில் கொடுத்ததால், கைதட்டவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே பால்டார், தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டு, மரண தண்டனை உத்தரவில் கையெழுத்துப் போடுகிறான். மறுத்துப் பார்க்கிறான், அழுகிறான், போட்டுவிடுகிறான். அந்தக் காட்சிக்குப் பிறகு அவனை வெறுப்பதா, பரிதாபப்படுவதா என்று ரசிகர்கள் போட்ட சண்டை தொடர் முடியும்வரை ஓயவில்லை.

டையும் டிரோலும் மோதிக்கொள்கிற இடமும் அப்படியே. சந்தையில் குண்டு வைக்க டை திட்டம் போடுகிறார். போரிலும் செய்யக்கூடாதது சில உண்டு என்கிறார் டிரோல். நாம் யார் பக்கம் என்ற கேள்விக்கு டை சொல்கிற பதில், நாம் பேய்களின் பக்கம், சொர்க்கத் தோட்டத்துக்குள் நாசம் விதைக்க அனுப்பப்பட்ட தீயவர்கள், உனக்கு இது தெரியாதா என்பது. இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. டையைப் பிடிக்காதவர்களும் அதைச் சொல்வார்கள்.

இன்னொரு வேறுபாடும் அப்போது இருந்தது. இப்போது பார்ப்பவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. சீசன் தொடங்குவதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 5 வரை, இணையத்தில் பத்துச் சின்னச் சின்ன எபிசோடுகள் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். டக், ஜாம்மர் என்ற இரண்டு நண்பர்களின் கதை. எதிர்ப்பியக்கம் கோயிலில் ஆயுதம் ஒளித்து வைக்கிறது; அங்கே நடக்கும் துப்பாக்கிச்சூட்டில் டக்கின் மனைவி நோரா சாகிறாள். அந்த இழப்பு டக்கை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஜாம்மரோ கடைசியில் போலீசில் போய்ச் சேர்கிறான். இதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, டக் விழாவுக்குப் புறப்படுகிற காட்சி தாங்க முடியாததாக இருந்தது. பார்க்காதவர்களுக்கு அவன் யாரோ ஒரு துணைக் கதாபாத்திரம். வெடிப்பு ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான். "அவன் ஏன் இதைச் செய்தான் என்று சொல்லவே இல்லையே" என்ற குறை இவர்களிடமிருந்து வந்தது. குறை நியாயமானது. முக்கியமான ஒரு காரணத்தைத் தொடருக்கு வெளியே வைத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். நீங்கள் இன்னும் பார்த்திருக்காவிட்டால் 'தி ரெசிஸ்டன்ஸ்' என்ற அந்தப் பத்தையும் பார்த்துவிட்டு முதல் எபிசோடைத் திரும்பப் போடுங்கள்.

அந்தச் சின்ன எபிசோடுகளுக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் பிரச்சினையும் இருந்தது. அவை வெறும் விளம்பரம், எழுதியவர்களுக்குத் தனி ஊதியமோ பெயரோ தேவையில்லை என்பது என்பிசி யுனிவர்சலின் நிலை. மூர் அதற்கு உடன்படவில்லை. இணையத்துக்கு எழுதுவதும் எழுத்துதானே என்ற இந்த வாதம்தான், பிறகு 2007 நவம்பரில் தொடங்கிய அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தின் மையத்தில் நின்றது.

போர் விமானி ஸ்டார்பக்கின் கதை தனியாகப் பேசவேண்டியது. லியோபென் என்ற சைலான் அவளை ஒரு வீட்டில் அடைத்து வைத்து, குடும்பம் நடத்துவதாகப் பாவனை செய்கிறான். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவள் அவனைக் குத்திக் கொல்கிறாள், பிறகு திரும்ப உட்கார்ந்து தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிடுகிறாள். அவன் புது உடம்பில் மறுபடி மாடிப்படி இறங்கி வருவான் என்று அவளுக்குத் தெரியும். குண்டுவெடிப்பைவிட இதுதான் தங்களைத் தூங்கவிடவில்லை என்று சொன்ன பெண் ரசிகர்கள் பலர். எனக்கும் அப்படித்தான். அடியோ உதையோ இல்லை. அன்பாகப் பேசிப் பேசியே ஒருத்தியை உடைக்கிற கொடுமை அது. முதல் சீசனில் இதே ஸ்டார்பக் இதே லியோபெனின் தலையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி விசாரணை செய்தாள். அன்று அது சரி என்று வாதாடிய ரசிகர்கள், இப்போது சட்டென்று அமைதியானார்கள்.

விண்வெளியில் நடந்ததில் எல்லோரும் பேசியது ஆடமாவின் மகன் லீ ஆடமாவின் தொப்பை. நடிகர் ஜேமி பாம்பருக்குப் பொய்யுடம்பு கட்டி, ஒரு வருடம் சண்டையில்லாமல் ஊதிப்போன கமாண்டராகக் காட்டினார்கள். கிண்டல் பெயர்கள் பறந்தன. யோசனை நல்ல யோசனைதான், படையே மழுங்கிப்போனதை ஒரு உடம்பில் காட்டுவது. ஆனால் சில எபிசோடுகளுக்குள்ளேயே அவர் பழைய உருவத்துக்கு வந்துவிட்டார். அப்படியானால் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆடமாவின் மீசையைப் பற்றியும் அவ்வளவே பேச்சு நடந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

இந்தத் தொப்பை சமாசாரம் உண்மையில் பெரிய குறை ஒன்றின் சின்ன அடையாளம். அக்டோபர் 20 அன்று வந்த நான்காவது எபிசோடில் மீட்புப் போர் முடிந்துவிட்டது. கலாக்டிகா வளிமண்டலத்துக்குள்ளேயே குதித்து, எரிந்துகொண்டே கல்லாக விழுந்து, வைப்பர் எனும் போர் விமானங்களை இறக்கிவிட்டு மறைகிற அந்தக் காட்சிக்கு ரசிகர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்த எபிசோடு காட்சி ஜாலங்களுக்காக 2007இல் எம்மி விருதும் வாங்கியது. முதல் இரண்டு எபிசோடுகளை எழுதியதற்காக மூரின் பெயரும் அந்த ஆண்டு எம்மி பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. இவ்வளவு பிரமாதமாக இருந்தும், "இத்தனை சீக்கிரம் முடித்துவிட்டார்களே" என்ற ஏக்கம் பரவலாக எழுந்தது. ஒரு வருடத்தைத் தாண்டிக் குதித்து, புது உலகத்தைக் கட்டி, நான்கே எபிசோடில் எல்லோரையும் பழைய கப்பலுக்குள் ஏற்றிவிட்டார்கள். நியூ கேப்ரிகாவில் அரை சீசனாவது இருந்திருக்க வேண்டும் என்று அன்று சொன்னவர்கள் பக்கம்தான் நான். பிற்பாடு அந்த சீசனின் நடுப்பகுதியில் கதை தொய்ந்தபோது அந்தக் குரல் இன்னும் உரத்தது. நீங்கள் இனிமேல் பார்க்கப்போவது என்பதால் எந்த எபிசோடுகள் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: ஆட்கள் கப்பலுக்குத் திரும்பினாலும் கணக்கு தீரவில்லை. நீங்கள் பார்த்த ஐந்தாவது எபிசோடு, அக்டோபர் 27இல் வந்தது, அதற்குச் சாட்சி. எதிரியோடு ஒத்துழைத்தவர்களை ஒரு ரகசியக் குழு விசாரித்து, விண்வெளியில் தள்ளிக் கொல்கிறது. முதலில் ஜாம்மர். போலீஸ் உடையில் இருந்த அதே ஜாம்மர்தான் டிரோலின் மனைவி கேலியைத் தப்பவிட்டவன். அதைச் சொல்லியும் அவனுக்கு மன்னிப்பில்லை. அடுத்தது பால்டாரின் உதவியாளனாக இருந்த கேட்டா. அவன்தான் பால்டாரின் அலுவலகத்திலிருந்து ரகசியம் கடத்தியவன், நாய்க்குச் சோறு வைக்கிற கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து சைகை காட்டியவன். முதல் எபிசோடில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோது அது உளவுக்கதையில் வருகிற சின்னத் தந்திரமாகத்தான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு மனிதனின் உயிரே அந்தக் கிண்ணத்தில் தொங்கியது. மண்டியிட்டிருக்கும் கேட்டா கெஞ்ச மறுக்கிறான். நாய்க் கிண்ணம் என்ற பேச்சு வந்ததும் டிரோலின் முகம் மாறுகிறதே, அந்த இடத்தில்தான் தொடக்க எபிசோடைக் கோபத்தோடு ஒதுக்கிய பலபேர் மனம் மாறினார்கள் என்பது என் அனுபவம். குண்டு வைத்தவர்களை வீரர்களாக்கிக் கதை முடித்துவிடும் என்று பயந்தவர்களுக்கு, அந்த வீரர்களே கொலைகாரக் குழுவாக மாறுவதைக் காட்டியது அது.

இந்த விவாதம் டிவியோடு நிற்கவும் இல்லை. 2009 மார்ச் 17 அன்று, தொடரின் கடைசி எபிசோடுக்கு மூன்று நாள் முன்பு, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் இந்தத் தொடரை வைத்து மனித உரிமை, பயங்கரவாதம் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. மூரும், இன்னொரு தயாரிப்பாளர் டேவிட் ஐக்கும், ஆடமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸும், ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டானலும் கலந்துகொண்டார்கள். ஒரு விண்வெளித் தொடர் அந்த மேசைவரை போனதில் நியூ கேப்ரிகாவின் பங்கு பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு தொடருக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அன்று டிவி முன்னால் இருந்தவர்களுக்கும் அதே உணர்வுதான். நேரம் கிடைத்தால் முதல் சீசனில் லியோபெனை விசாரிக்கும் எட்டாவது எபிசோடை இப்போது ஒருமுறை திரும்பப் பாருங்கள், அடுத்த நாள் மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடுகளைப் போடுங்கள். பார்த்துவிட்டு, டைக்கும் டிரோலுக்கும் நடக்கிற அந்தச் சண்டையில் இப்போது யார் பக்கம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். நான் ஒவ்வொரு முறையும் டிரோல் பக்கம்தான் தொடங்குகிறேன். டை தன் கண்ணைப் பற்றிப் பேசியது ஞாபகம் வரும்வரை.